மில்காரருக்கு கம்ப்யூட்டர் என்றால் பயமா?

சிறு தொழிற்சாலைகள் ஏன் இன்னும் முழுவதுமாகக் கம்ப்யூட்டருக்கு மாறவில்லை? எந்தக் கருத்தரங்கில் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் மேடையில் இருந்து ஒரே பதில்தான் வருகிறது. அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை. புதிய தொழில்நுட்பம் என்றால் பயம். நோட்டுப் புத்தகத்தை விட மாட்டார்கள். கைதட்டலும் கிடைத்துவிடுகிறது.

இந்தப் பதிலை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. நான் சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஆனால் சொந்த ஊர் செஞ்சி. ரைஸ் மில் புகைபோக்கிகளைப் பார்த்துக் கொண்டே வளர்ந்தவன். அந்த மில்களுக்குள் கம்ப்யூட்டர் எங்கே நுழைந்தது, எங்கே வாசலோடு நின்றுவிட்டது என்று பார்த்தால், பிரச்சினை மில்காரரின் பயம் இல்லை என்பது புரியும். அதில் பாதி, என்னைப் போன்றவர்கள் எழுதுகிற சாப்ட்வேரில் இருக்கிறது.

செஞ்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கோட்டையும் தேசிங்கு ராஜாவும்தான் நினைவுக்கு வரும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ஆனால் ஊருக்குச் சோறு போடுவது நெல். கோட்டைக்குள்ளேயே பெரிய நெற்களஞ்சியம் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். இன்றைக்கும் அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான நெல் மூட்டைகள் வந்து இறங்கும். அந்த நெல்லை அரைப்பதற்கு இங்கேயும், பக்கத்தில் ஆரணி, களம்பூர் பக்கமும் மில்கள் நிறைய உள்ளன.

சார்டெக்ஸை யாரும் பிரசாரம் செய்யவில்லை

இந்த மில்களில் ஓரளவு பெரிய ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். மேல் தளத்தில் அலமாரி மாதிரி ஒரு மெஷின் நிற்கும். கலர் சார்ட்டர். மில்லில் இதற்கு 'சார்டெக்ஸ்' என்றுதான் பெயர். அது உண்மையில் இங்கிலாந்தில் பிறந்து, இப்போது ஸ்விட்சர்லாந்தின் பூலர் கம்பெனியிடம் இருக்கும் ஒரு பிராண்டு. போட்டோ காப்பியை நாம் ஜெராக்ஸ் என்று சொல்வது மாதிரி, எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் இங்கே அது சார்டெக்ஸ்தான்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் ஆச்சரியமாக இருக்கும். அரிசி சரிவான தகடுகள் வழியாக மெல்லிய திரை மாதிரி சறுக்கி விழும். விழும்போதே எல்.இ.டி. வெளிச்சத்தில் கேமராக்கள் ஒவ்வொரு அரிசியையும் படம் பிடிக்கும். கருப்பு, பழுப்பு, கல், நெல் என்று நிறம் மாறியிருந்தால், அந்த இடத்துக்கு நேராக இருக்கும் சிறிய வால்வு திறந்து, அழுத்தக் காற்று அந்த ஒரு அரிசியை மட்டும் தனியே ஊதித் தள்ளிவிடும். 1,000 அரிசி 20 கிராம் என்று வைத்துக் கொண்டால், மணிக்கு 1 டன் ஓட்டும்போது நொடிக்கு ஏறத்தாழ 14,000 அரிசியை அது பார்த்து முடிவு செய்ய வேண்டும். உங்கள் வீட்டு வெப்கேம் செய்கிற வேலையை விட இது எவ்வளவோ கடினம்.

இதை வாங்கச் சொல்லி யாராவது மில்காரருக்கு விழிப்புணர்வு முகாம் நடத்தினார்களா? இல்லை. புழுங்கல் அரிசியில் கருப்பு இருந்தால் கடைக்காரர் விலையைக் குறைப்பார். சார்டெக்ஸ் போட்டால் விலை கிடைக்கும். கடன் வாங்கியாவது வாங்கினார்கள். அதற்குச் சுத்தமான, ஈரமில்லாத காற்று வேண்டும் என்றதும் கம்ப்ரசரோடு ஏர் டிரையரும் வாங்கினார்கள். வோல்டேஜ் ஏறி இறங்கினால் கெட்டுவிடும் என்றதும் ஸ்டெபிலைசர் போட்டார்கள். பத்தாம் வகுப்போடு நின்ற ஆபரேட்டர் டச் ஸ்கிரீனில் சென்சிட்டிவிட்டியைக் கூட்டிக் குறைத்து ஓட்டுகிறார். வாட்ஸ் அப்பில் அரிசி போட்டோ அனுப்பி விலை பேசுகிறார்கள். பணம் யு.பி.ஐ.யில் வருகிறது. இவர்களைப் பார்த்தா டிஜிட்டல் தெரியாதவர்கள் என்கிறோம்?

பிறகு கம்ப்யூட்டர் எங்கேதான் நிற்கிறது? ஆபீஸ் ரூமில், கணக்கர் மேஜையில்.

ஏழு மூட்டை எங்கே போச்சு?

எனக்குத் தெரிந்த ஒரு மில்லில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாப்ட்வேர் வாங்கினார்கள். கொள்முதல், ஸ்டாக், உற்பத்தி, விற்பனை, கணக்கு எல்லாம் ஒன்றில் அடங்கிய பேக்கேஜ். நன்றாக எழுதப்பட்ட ப்ரோக்ராம்தான். ஆறு மாதத்தில் அது வெறும் பில் போடும் மெஷினாகிவிட்டது. மற்றதெல்லாம் பழையபடி நீள நோட்டில். ஏன் என்று கணக்கரிடம் கேட்டேன். அறுபதைத் தாண்டியவர். அவர் திருப்பிக் கேட்டது இதுதான்: "தம்பி, நெல்லு ஈரமா வந்தா அந்த ஈரத்தை இதுல எங்க எழுதறது?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் பக்கம் நெல் மூட்டை என்றால் 75 கிலோ. 100 மூட்டை வாங்கினால் 7,500 கிலோ. அதில் ஈரப்பதம் 20 சதவீதம் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அரைப்பதற்கு 14 சதவீதத்துக்குக் காய வைக்க வேண்டும். காய்ந்த பிறகு எடை போட்டால் 6,977 கிலோதான் இருக்கும். 523 கிலோ, அதாவது ஏறத்தாழ 7 மூட்டை, தண்ணீராகப் போய்விட்டது. யாரும் திருடவில்லை. ஆனால் சாப்ட்வேரின் ஸ்டாக் பக்கத்தில் 7 மூட்டை குறைகிறது. மழைக்கால நெல் என்றால் இன்னும் அதிகம் குறையும். வெயில் காலத்தில் குறைவு. ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு கணக்கு.

நட்டும் போல்ட்டும் விற்கிற கடையை மனதில் வைத்து எழுதிய ப்ரோக்ராமுக்கு இது புரியாது. அங்கே 100 போல்ட் வாங்கினால் 100 போல்ட் இருக்கும். அரைத்த பிறகோ கதை இன்னும் சிக்கல். ஒரே நெல்லில் இருந்து அரிசி, குருணை, தவிடு, உமி என்று நான்கு சரக்கு பிரிகிறது. அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கும் மில்கள் 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கல் என்றால் 68 கிலோ, பச்சரிசி என்றால் 67 கிலோ திருப்பித் தர வேண்டும் என்று ஒரு அளவு இருக்கிறது. தனியார் வியாபார நெல்லில் ரகத்துக்கு ரகம் மாறும். உமியை விற்பதில்லை, பாய்லரில் போட்டு எரிக்கிறார்கள். அதற்கு என்ன விலை போடுவது?

யூனிட்டும் அப்படித்தான். விவசாயி பேசுவது 75 கிலோ மூட்டை. அரசு ஆதார விலை குவிண்டாலில். அரிசி விற்பது 25 கிலோ பையில். இதற்கெல்லாம் டேலி போன்ற சாப்ட்வேரில் வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாற்று யூனிட் வைக்கலாம், உற்பத்திக் கணக்கும் எழுதலாம். ஆனால் அதை மில்லுக்கு ஏற்றபடி அமைத்துத் தர, மில்லும் தெரிந்து கம்ப்யூட்டரும் தெரிந்த ஒருவர் வேண்டும். விற்க வந்தவர் டெமோவில் பென்சில், பேனா என்று இரண்டு ஐட்டம் போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

கணக்கர் என்ன செய்தார் தெரியுமா? ஸ்டாக் பொருந்த வேண்டும் என்பதற்காக மாதக் கடைசியில் ஒரு எண்ணைத் தானாகவே போட்டுச் சரிக்கட்டினார். இது சின்ன விஷயம் இல்லை. மில்கள் வங்கியில் சரக்கின் பேரில் கேஷ் கிரெடிட் வைத்திருக்கும். எவ்வளவு பணம் எடுக்கலாம் என்பது மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டைப் பொறுத்தது. அறுவடை நேரத்தில் கையில் பணம் இல்லையென்றால் நெல் வேறு ஆளுக்குப் போய்விடும். சரிக்கட்டிய எண்ணை நம்பி இதையெல்லாம் செய்ய முடியுமா? நோட்டில் இருந்த எண்ணையே வங்கிக்குக் கொடுத்தார்கள். அதுதான் புத்திசாலித்தனமும்கூட.

டைப் அடிப்பது ஒருவர், பலன் இன்னொருவருக்கு

சார்டெக்ஸுக்கும் ஆபீஸ் சாப்ட்வேருக்கும் என்ன வித்தியாசம்? சார்டெக்ஸில் உழைப்பவருக்கும் பலன் பெறுபவருக்கும் இடையே தூரம் இல்லை. பட்டனைத் தட்டினால் கீழே வெள்ளை அரிசி விழுகிறது. கணக்கு சாப்ட்வேரில் அப்படி இல்லை. எடைச் சீட்டைப் பார்த்து என்ட்ரி போடுவது கணக்கர். ரிப்போர்ட் பார்ப்பது முதலாளி. ரிட்டர்ன் போவது வரித்துறைக்கு. கணக்கருக்குக் கிடைப்பது ஒரே வேலை இரண்டு தடவை.

நோட்டில் ஒரு வசதி இருக்கிறது, அதை நாம் யாரும் மதிப்பதில்லை. விலையைக் காலியாக விடலாம். விவசாயி நெல்லை இறக்கிவிட்டுக் கொஞ்சம் முன்பணம் வாங்கிக் கொண்டு, விலையைப் பத்து நாள் கழித்துப் பேசிக் கொள்ளலாம் என்று போவார். நோட்டில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். சாப்ட்வேரோ 'ரேட் கட்டாயம்' என்று சிவப்பு எழுத்தில் நிறுத்திவிடும். கணக்கர் 1 ரூபாய் என்று போட்டு நகர்வார். அந்த 1 ரூபாய் பிறகு எல்லா ரிப்போர்ட்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். தவறு யாருடையது? என்னைக் கேட்டால், அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கிய ப்ரோக்ராமருடையது.

மொழியும் ஒரு தடை. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாம், டாப் எழுத்துமுறைகளைத் தரமாக அறிவித்தது. 2010ல் யூனிகோடுக்கு மாறியது. நடுவில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பாண்ட். ஒரு கம்ப்யூட்டரில் 'பொன்னி' என்று அடித்தால் இன்னொன்றில் பூச்சி பூச்சியாகத் தெரிந்த காலம் அது. அப்போது பழகிய பயத்தில் இன்றும் பல மில்களில் விவசாயி பெயரை ஆங்கிலத்தில் அடிக்கிறார்கள். ஏழுமலை என்ற ஒரே பெயர் நான்கு ஸ்பெல்லிங்கில் நான்கு ஆளாகிவிடுகிறது. பாக்கிப் பட்டியல் எடுத்தால் எந்த ஏழுமலை என்று கணக்கரைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் ஒரு காரணம். லாரிக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, மில்லுக்கு ஒன்று என்று கார்பன் நகல் வேண்டும் என்பதால் அதை யாரும் விடவில்லை. ஆங்கிலம் என்றால் அது தனக்குள்ளே இருக்கும் எழுத்தை வைத்து வேகமாக அடிக்கும். தமிழை ஒரு படமாகத்தான் அடிக்கும். கிர்ர்ரென்று ஒவ்வொரு வரியாக நகரும். வெளியே லாரி டிரைவர் ஹாரன் அடித்துக் கொண்டிருப்பார்.

எடை மேடை விஷயமும் சொல்ல வேண்டும். லாரி எடையைக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப எடை மேடையில் இருந்து ஒரு சீரியல் கேபிள் வரும். இப்போதைய கம்ப்யூட்டர்களில் சீரியல் போர்ட்டே பெரும்பாலும் கிடையாது. யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் போட வேண்டும். அதை ஒரு நாள் பக்கத்து யு.எஸ்.பி. துளையில் செருகிவிட்டால் விண்டோஸ் வேறு காம் போர்ட் எண் கொடுத்துவிடும். சாப்ட்வேர் பழைய எண்ணையே தேடிக் கொண்டிருக்கும். டிவைஸ் மேனேஜரில் இரண்டு நிமிட வேலை. ஆனால் அது தெரிந்த ஆள் சென்னையிலோ கோவையிலோ இருக்கிறார். அதுவரை எடைச் சீட்டு கையில் எழுதப்படும். கையில் எழுதியது பிறகு என்ட்ரி ஆகுமா? ஆகாது.

சட்டம் மாறும் வேகம் வேறு. 2007ல் வாட், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி., 2018ல் இ-வே பில். இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் வியாபாரம் உள்ளவர்களோடு தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. அரிசியில் நடந்ததுதான் வேடிக்கை. 2022 ஜூலை 18 முதல் லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு 5 சதவீத வரி என்றார்கள். உடனே கடைகளில் 26 கிலோ பை வந்துவிட்டது! மில்காரர் பையை மாற்ற அதிக நாள் எடுத்துக் கொள்ளவில்லை. சாப்ட்வேரில்தான் ஐட்டம், எடை, வரி எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர்களுக்கு யார் வந்து மாற்றுவார்? பையை விட மென்பொருள்தான் கடினமாக இருந்தது.

பெரிய கம்பெனியும் விழுந்திருக்கிறது

இது ஏதோ செஞ்சியின் பின்தங்கிய நிலை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999ல் மூன்று பெரிய சாப்ட்வேர்களை ஒரே சமயத்தில், அதுவும் பண்டிகை ஆர்டர் வரும் நேரத்தில் இயக்கத் தொடங்கியது. கிடங்கில் சாக்லேட் இருந்தும் ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியாமல் போனது. பணத்துக்கும் படித்த ஆளுக்கும் அங்கே குறைவில்லை.

பால் டேவிட் என்ற ஸ்டான்போர்டு பொருளாதார நிபுணர் 1990ல் இன்னொரு விஷயத்தை எடுத்துக் காட்டினார். எடிசனின் மின் நிலையம் நியூயார்க்கில் 1882லேயே வந்துவிட்டது. ஆனால் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் மின்சாரத்தின் முழுப் பலன் தெரிந்தது 1920களில்தான். நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்து, பழையபடி நீண்ட இரும்புத் தண்டும் தோல் பெல்ட்டுமாக ஓட்டியதால் பெரிய லாபம் இல்லை. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார் வைத்து, தொழிற்சாலையின் அமைப்பையே மாற்றிய பிறகுதான் உற்பத்தி பெருகியது. ஒரே ஆயில் எஞ்சினில் பெல்ட் போட்டு எல்லா மெஷினையும் ஓட்டிய பழைய மில்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். இன்று கணக்கர் மேஜையில் நாம் செய்திருப்பதும் அதுதான். நோட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு மானிட்டரை வைத்திருக்கிறோம்.

மில்காரர் பக்கம் குறையே இல்லை என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினால் எல்லாம் தெரிந்துவிடுமே என்ற தயக்கம் சிலருக்கு உண்டு. ஏன் என்று உங்களுக்கே தெரியும். கோடிக்கணக்கில் மெஷின் வாங்குபவர், கணக்கரை ஒரு வாரம் பயிற்சிக்கு அனுப்பக் கணக்குப் பார்ப்பதும் உண்டு. ஆனால் ஈரப்பதத்துக்கு ஒரு கட்டம் வைக்காததற்கு இவையெல்லாம் காரணம் ஆகாது.

இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் சிலரிடம், "நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே, மில்லுக்கு ஏதாவது பண்ணிக் கொடேன்" என்று மாமாவோ பெரியப்பாவோ கேட்டிருப்பார். மில் இல்லாவிட்டால் செங்கல் சூளை, தறி, லேத் பட்டறை. உடனே விசுவல் பேசிக்கைத் திறக்காதீர்கள். இரண்டு நாள் கணக்கர் பக்கத்தில் உட்காருங்கள். நோட்டில் எந்தக் கட்டம் காலியாக விடப்படுகிறது, எந்த எண் அடித்துத் திருத்தப்படுகிறது என்று பாருங்கள். முதலில் கணக்கருக்கே உபயோகமாகும் ஒன்றை மட்டும் செய்து கொடுங்கள். யார் யாரிடம் எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாக என்ற பட்டியல் போதும். அதற்கு எக்ஸெல்லே போதும். பெயர்களை யூனிகோடு தமிழில் அடியுங்கள், பக்கத்தில் போன் நம்பரும் போடுங்கள். இரண்டு ஏழுமலையும் தனித்தனியாகத் தெரிவார்கள்.

ரெடிமேட் பேக்கேஜ் வாங்குவதாக இருந்தால், டெமோ காட்ட வருபவரிடம் பென்சில், பேனா வேண்டாம் என்று சொல்லுங்கள். 20 சதவீத ஈரத்தோடு 100 மூட்டை நெல்லை, விலை போடாமல், உள்ளே ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். அடுத்து, மொத்த டேட்டாவையும் எக்ஸெல் பைலாக வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் எங்கள் ஆபீசில் இருந்துதான் எடுக்க முடியும்" என்றால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்தக் கம்பெனி மூடிவிட்டால் உங்கள் பெரியப்பாவின் பத்து வருடக் கணக்கும் அதோடு போய்விடும்.

பேக்கப்பை மில்லிலேயே வைக்க வேண்டாம். வாரம் ஒரு முறை ஒரு பென் டிரைவில் எடுத்து வீட்டு பீரோவில் வையுங்கள். கம்ப்யூட்டருக்கு மோட்டார் லைனில் இருந்து கரண்ட் எடுக்காமல் தனி ஒயரிங்கும் நல்ல எர்த்தும் போடச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை கேபினெட்டைத் திறந்து உமித் தூசியை ஊதிவிடுங்கள். சார்டெக்ஸுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசர் அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் அதன் முழு வேகத்தில் ஊதினால் பேன் இறக்கை உடைந்துவிடும். பிரஷரைக் குறைத்து, பேனை ஒரு விரலால் பிடித்துக் கொண்டு ஊதுங்கள்.